இவ்வளவு நாள் இது எப்படித் தெரியாமல் போனது?

தச்சர்கள் பயன்படுத்தும் இழுவை டேப்பைக் கையில் எடுத்து, அதன் நுனியில் இருக்கும் சின்ன உலோகக் கொக்கியை விரலால் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடும். புது டேப்பாக இருந்தாலும் ஆடும். மட்டமான சரக்கு, ஆணியைச் சரியாக அடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அதை வைத்து வருடக்கணக்கில் அளந்தவர்கள் ஏராளம். சுத்தியலால் ஒரு தட்டு தட்டி ஆணியை இறுக்கிவிட்டவர்களும் உண்டு.

ஆனால் அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பலகையின் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுத்து அளக்கும்போது கொக்கியின் உட்பக்கத்திலிருந்து அளவு தொடங்க வேண்டும். அலமாரிக்கு உள்ளே, பக்கவாட்டுப் பலகையில் நுனியை முட்டக் கொடுத்து அளக்கும்போது கொக்கியின் வெளிப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொக்கியின் தடிமன்தான். அந்தத் தடிமன் ஒரு மில்லிமீட்டர் என்றால், கொக்கி சரியாக ஒரு மில்லிமீட்டர் நகரும்படி அதன் துளைகளை நீளவாக்கில் வெட்டியிருப்பார்கள். இழுத்தால் வெளியே வரும், முட்டக் கொடுத்தால் உள்ளே போகும். இரண்டு விதத்திலும் அளவு பிசகாது. ஆணியை இறுக்கினால்தான் பிசகும்.

இதைத் தெரிந்துகொண்டவுடன் பலருக்கும் வாயில் வருவது ஒரே கேள்விதான்: இவ்வளவு நாள் இது எப்படித் தெரியாமல் போனது? கூடவே கொஞ்சம் வெட்கமும் வரும். வெளியே சொன்னால் சிரிப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்த வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்க்கலாம். உண்மையிலேயே அது நல்ல கேள்வி. தினமும் கையாளும் பொருள், தினமும் பார்க்கும் வானம், பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் உடம்பு. இவற்றில் வெளிப்படையாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் நாற்பது வயதில் பிடிபடுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். காரணம் மந்த புத்தி அல்ல, கவனக்குறைவும் அல்ல என்பதே என் எண்ணம். ஒரு விஷயம் நம்மை எங்கேயாவது இடறவைத்தால்தான் நாம் நின்று அதைப் பார்க்கிறோம். இடறவே வைக்காத விஷயங்கள் ஆயுள் முழுக்க நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன.

முதலில் பொருள்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு பொருளைப் பயன்படுத்த, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. இதில் தவறு ஒன்றும் இல்லை. சிக்கல் என்னவென்றால், பயன்படுத்தத் தெரிவதையே புரிந்துவைத்திருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கைல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். ஜிப், தையல் மெஷின், பூட்டு, கழிவறை ஃபிளஷ் மாதிரியான பொருள்களைச் சொல்லி, இவை எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது, 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுங்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் தாராளமாகவே போட்டுக்கொண்டார்கள். அப்புறம், சரி, இப்போது படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்ததும் பேனா நின்றுவிட்டது. மறுபடி மதிப்பெண் கேட்டபோது இறங்கி வந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாடுகளின் தலைநகரங்கள் தெரியுமா, ஒரு வேலையைச் செய்யத் தெரியுமா என்று கேட்டபோது இந்த அளவுக்கு யாரும் தங்களைக் கூட்டி மதிப்பிடவில்லை. தெரியாத தலைநகரம் தெரியாது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. ஒரு பொருளின் இயக்கம் விஷயத்தில் மட்டும், அது கண்ணெதிரே இயங்குவதாலேயே நமக்கு விளங்கிவிட்ட மாதிரி இருக்கிறது.

ஜிப்பை நினைத்துப் பாருங்கள். தினமும் ஏற்றி இறக்குகிறோம். அந்த இழுப்பானுக்குள் என்ன இருக்கிறது? இரண்டு வரிசைப் பற்களையும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நெருங்கவைக்கும் வளைந்த தடங்கள் இருக்கின்றன. அந்தக் கோணத்தில் வந்தால்தான் ஒரு பக்கத்துப் பல்லின் மேடு எதிர்ப்பக்கத்துப் பல்லின் குழியில் போய் உட்காரும். இறக்கும்போது நடுவில் இருக்கும் ஆப்பு போன்ற பகுதி அவற்றைப் பிரித்துவிடுகிறது. ஜிப் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது பெரும்பாலும் பற்கள் கெட்டிருப்பதில்லை. இழுப்பானின் வாய் தேய்ந்து அகன்றிருக்கும், அவ்வளவுதான். குறட்டால் லேசாக அழுத்தினால் பல நேரம் சரியாகிவிடும். இது தெரியாமல் தூக்கிப் போடப்பட்ட பைகளுக்குக் கணக்கே இல்லை.

சைக்கிள் இன்னும் நல்ல உதாரணம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ரெபேக்கா லாசன் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாதி வரைந்த சைக்கிள் படத்தைக் கொடுத்து மீதியை நிரப்பச் சொன்னார். செயினை முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சுற்றிப் போட்டவர்கள் இருந்தார்கள். அப்படி ஒரு சைக்கிள் இருந்தால் அதன் ஹேண்டில்பாரைத் திருப்பவே முடியாது. சைக்கிள் ஓட்டுபவர்களும்கூட இதில் தப்பு செய்தார்கள். கால் மிதித்தால் வண்டி போகிறது, கை திருப்பினால் திரும்புகிறது. அதற்கு மேல் மனம் எதையும் சேமித்து வைக்கவில்லை, வைக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

விசைப்பலகையில் ஆங்கில எஃப், ஜே எழுத்துகளின் மேல் இருக்கும் சின்ன மேடுகள் இந்த வகைதான். கீழே குனிந்து பார்க்காமலே ஆள்காட்டி விரல்கள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிப்பதற்காக அவை இருக்கின்றன. எண்பலகையில் 5இன் மேல் ஒரு புள்ளி இருப்பதும் அதற்காகவே. பூட்டின் அடிப்பக்கத்தில் சாவித் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு ஓட்டை, உள்ளே போன மழைநீர் வடியவும் எண்ணெய் விடவும் உதவுகிறது. பகடையின் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் எப்போதும் 7 வரும். 25இல் 8 சதவீதம் என்பதும் 8இல் 25 சதவீதம் என்பதும் ஒன்றுதான், இரண்டுக்கும் விடை 2. தெரிந்தால் சந்தோஷம், தெரியாவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. இவற்றைவிட ஆழமான ஒரு வகை இருக்கிறது.

நிலா பகலிலும் தெரியும் என்பதை வளர்ந்த பிறகு திடீரென்று கவனித்து அசந்துபோனவர்கள் நிறைய. சராசரியாகப் பார்த்தால், ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் நிலா வானத்தில் இருக்கிறது. அது இரவுக்கென்று நேரம் ஒதுக்கி வருவதில்லை. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. அதனால் மாதம் முழுக்க அதன் நேரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வளர்பிறை அரைநிலா நடுப்பகல் வாக்கில் உதித்து மாலை முழுக்கத் தெரியும். தேய்பிறை அரைநிலாவைக் காலையில், கிட்டத்தட்ட நடுப்பகல் வரை பார்க்கலாம். முழுநிலா மட்டும்தான் சூரியன் மறையும் நேரத்தில் உதித்து இரவு முழுக்க நிற்கிறது. இத்தனை தடவை தலைக்கு மேலே நின்றும் நம் கண்ணில் படாததற்குக் காரணம், படிக்கத் தெரிவதற்கு முன்பே நாம் பார்த்த படங்கள். பகல் என்றால் சூரியன், இரவு என்றால் நிலா. அந்த ஜோடி மனதில் பதிந்த வயதில் நமக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. கேள்வி கேட்கத் தெரிந்த வயதில், அது ஏற்கெனவே தீர்ந்துபோன விஷயமாக உள்ளே கிடக்கிறது.

நிலா ஏன் தேய்கிறது என்பதும் அப்படியே. பூமியின் நிழல் அதன் மேல் விழுகிறது என்று படித்தவர்களே உறுதியாகச் சொல்வார்கள். இது தப்பு என்று காட்ட எந்தக் கருவியும் வேண்டாம், பகலில் அரைநிலா தெரியும் ஒரு நாள் போதும். சூரியனும் வானத்தில் இருக்கிறது, நிலாவும் வானத்தில் இருக்கிறது. பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கமாகத்தான் விழ முடியும், அதாவது நம் காலுக்குக் கீழே எங்கோ. அது மேலே இருக்கும் நிலாவைத் தொடவே வழியில்லை. பிறகு நிலாவின் பாதி ஏன் இருட்டாக இருக்கிறது? ஒளி விழும் பாதியை நாம் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம், அதனால்தான். ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்கும், அடுத்த முறை கவனியுங்கள். பூமியின் நிழல் நிலாவின் மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டும்தான்.

1987இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா நாளில், மாணவர்கள், பழைய மாணவர்கள், பேராசிரியர்கள் என்று 23 பேரை கேமரா முன் நிறுத்தி, பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன, நிலா ஏன் தேய்ந்து வளர்கிறது என்று கேட்டார்கள். 21 பேர் தவறான விளக்கம் தந்தார்கள். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது என்பது அடிக்கடி வந்த பதில். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் அது 15.2 கோடி ஆகிறது. அருகில் இருப்பதுதான் காரணம் என்றால் பூமி முழுவதுக்கும் ஜனவரியில் கோடை வர வேண்டும். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால்தான் ஒரு பாதிக்கு வெயில் நேராகவும் மறுபாதிக்குச் சாய்வாகவும் விழுகிறது. அந்த 21 பேரும் இதைப் பள்ளியில் படித்திருப்பார்கள், பரீட்சையில் சரியாகவே எழுதியும் இருப்பார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்று கைக்குழந்தையாக இருந்தபோது உடம்பு கற்றுக்கொண்டது, பள்ளியில் கற்றதை மெதுவாகத் தள்ளிவிட்டுத் தன் இடத்தில் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டது.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதற்கடுத்த வகை. அதில் தப்பாகக் கற்றுக்கொண்டதும் இல்லை, கவனிக்காமல் விட்டதும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கவே வழியில்லாத விஷயங்கள் அவை.

அணுக் கொள்கையால் புகழ்பெற்ற வேதியியலாளர் ஜான் டால்டனுக்கு 1792இல் வயது 26. தாவரங்களில் ஆர்வம் உள்ளவர், பூக்களைக் கூர்ந்து பார்க்கிறவர். ஓர் இளஞ்சிவப்பு ஜெரேனியம் பூ பகல் வெளிச்சத்தில் அவருக்கு நீலமாகத் தெரிந்தது. அதையே தற்செயலாக மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தபோது நீலத்தின் சாயலே இல்லாமல் சிவப்பாக இருந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் மாறும் என்று நினைத்து நண்பர்களைக் கேட்டார். அவர்களுக்கு அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. அவருடைய சகோதரர் ஒருவருக்கு மட்டும் அவரைப் போலவே தெரிந்தது. அதற்கு முன்பும் இந்தப் பூ நீலமா இளஞ்சிவப்பா என்று பலரிடம் உண்மையாகவே கேட்டிருக்கிறார். கேலிக்குக் கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டார்களாம். 1794இல் மான்செஸ்டரில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நிறக்குருடு பற்றி ஓர் அறிவியலாளர் தன் கண்ணையே சான்றாக வைத்து எழுதிய ஆரம்பகால விளக்கங்களில் அது முக்கியமானது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவருடைய கண்ணின் திசுவிலிருந்து எடுத்த மரபணுவை 1995இல் சோதித்து, பச்சையை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்று உறுதி செய்தார்கள்.

26 ஆண்டுகள் அவர் எப்படிச் சமாளித்தார்? இலை பச்சை, ரத்தம் சிவப்பு என்று எல்லோரும் சொல்வதை அவரும் சொன்னார், உரையாடல் தடங்கல் இல்லாமல் ஓடியது. ஒருவருக்கு உள்ளே என்ன தெரிகிறது என்பதை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகள் முதல் கண்ணாடி போட்ட அன்று மரத்தில் தனித்தனி இலைகள் தெரிவதைப் பார்த்து வாயடைத்து நிற்பதும் இதனால்தான். மரம் என்றால் பச்சையாக ஒரு திரள் என்று நினைத்தவர்களுக்கு, பார்வையில் குறை என்று சொல்ல என்ன இருக்கிறது?

மனக்கண் விஷயம் இதைவிட ஆச்சரியமானது. ஓர் ஆப்பிளை மனதில் நினையுங்கள் என்றால் சிலருக்கு நிறம், பளபளப்பு, காம்பு எல்லாம் சேர்ந்து படமாகவே வரும். சிலருக்கு மங்கலாக வரும். சிலருக்கு எதுவுமே வராது. ஆப்பிள் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், ஆனால் காட்சி இருக்காது. ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1880இல் இதை முதன்முதலாக முறையாக விசாரித்தார். காலை உணவு மேசையை மனதில் கொண்டுவந்து விவரிக்கும்படி அவர் கேட்டபோது, அறிவியலாளர்கள் பலர் அப்படி ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. மனக்காட்சி என்பது வெறும் பேச்சு வழக்கு என்றே அவர்கள் அதுவரை நினைத்திருந்தார்கள். அதன்பின் நூறாண்டுக்கு மேல் இது பெரிதாகப் பேசப்படவில்லை. 2010இல் இங்கிலாந்தின் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஜெமன், முன்பு இருந்த மனக்காட்சியை இழந்துவிட்ட ஒரு நோயாளியைப் பற்றி ஆய்வு வெளியிட்டார். அந்தச் செய்தியைப் படித்து, எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே இது கிடையாது என்று 21 பேர் முன்வந்தார்கள். 2015இல் அவர்களைப் பற்றி எழுதும்போதுதான் அஃபேன்டேசியா என்ற பெயரே வந்தது. அவர்களில் பெரும்பாலோர் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ, பேச்சுவாக்கில்தான், மற்றவர்கள் உண்மையிலேயே எதையோ பார்க்கிறார்கள் என்று கண்டுகொண்டவர்கள். பிறகு ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள்.

நம் எல்லோருக்கும் பொதுவானவற்றிலும் இப்படி மறைந்து கிடப்பவை உண்டு. இந்த நிமிடம் உங்கள் மூக்கின் இரு துளைகளில் ஒன்றில்தான் காற்று தாராளமாகப் போய்வருகிறது என்பதற்கு வாய்ப்பு அதிகம். ஒன்றை மாற்றி ஒன்றை மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் திசுக்கள் ரத்தம் நிறைந்து வீங்குவதும் வடிவதுமாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறுகின்றன. 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்தார். சளி பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் அடைத்துக்கொள்வதற்கும் சற்று நேரத்தில் அது மறுபக்கம் மாறுவதற்கும் இதுதான் காரணம்.

கண்ணாடியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆவி படிந்த குளியலறைக் கண்ணாடியில் உங்கள் முகத்தின் விளிம்பை விரலால் வரையுங்கள். வரைந்த கோட்டை அளந்தால் முகத்தின் உண்மையான உயரத்தில் சரிபாதிதான் இருக்கும். பின்னால் நகர்ந்தாலும் பாதிதான், கிட்டே வந்தாலும் பாதிதான். நம் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது, கண்ணாடி எப்போதும் நமக்கும் அதற்கும் நட்டநடுவில் நிற்கிறது, அதனால்தான் இந்தப் பாதி. கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் கோம்ப்ரிக் 1960இலேயே இதைச் செய்து பார்க்கச் சொல்லி எழுதினார். பின்னால் நடந்த ஆய்வுகளில், முகம் கண்ணாடியில் முழு அளவில்தான் விழுகிறது என்றே பெரும்பாலோர் அடித்துச் சொன்னார்கள்.

சரி, தெரிந்தவர்கள் ஏன் சொல்லித் தருவதில்லை? அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படுவதில்லை. 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி செய்த சோதனையில், எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் தட்ட, இன்னொருவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் மூன்றுதான் சரியாகச் சொல்லப்பட்டன. தட்டுபவரின் தலைக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்பவருக்கு டொக்டொக் சத்தம் மட்டுமே. ஒரு விஷயம் தெரிந்த பிறகு, அது தெரியாத நிலை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வது அவ்வளவு கடினம்.

கேட்க வேண்டியவர்கள் கேட்பதும் இல்லை. டேல் மில்லர், கேத்தி மெக்ஃபார்லாண்ட் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே விளங்காதபடி எழுதிய ஒரு கட்டுரையை மாணவர்களிடம் கொடுத்து, சந்தேகம் இருந்தால் வந்து கேட்கலாம் என்றார்கள். ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்காததற்குக் காரணம் கூச்சம், மற்றவர்கள் கேட்காததற்குக் காரணம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டார்கள். இது கூட்டமாக உட்கார்ந்த ஓர் அறையில் நடந்தது. வயது ஏற ஏற நிலைமை இன்னும் இறுகுகிறது. பத்து வயதில் கேட்டால் ஆர்வம் என்கிறார்கள், நாற்பதில் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் எத்தனை கேள்விகளைத் தொண்டையிலேயே நிறுத்தியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் மொய்லன் 1986இல் ஒருநாள் அலுவலகக் காரில் பெட்ரோல் போடப் போனார். டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தவறான பக்கத்தில் நிறுத்திவிட்டு மழையில் நனைந்தார். பேசாமல் தலையைத் துவட்டிக்கொண்டு போய்விடவில்லை. எரிபொருள் முள்ளுக்குப் பக்கத்தில் மூடி இருக்கும் பக்கத்தைக் காட்டும் குறி ஒன்றைப் போடலாமே என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார். 1989 மாடல் கார்களில் அது வந்தது, பிற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. இன்று பெரும்பாலான கார்களில், பெட்ரோல் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன முக்கோண அம்பு இருக்கிறது. தினமும் அதைப் பார்த்தபடியே ஓட்டிவிட்டு, பங்க்கில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் இருக்கும் ஒருவர் அதைச் சுட்டிக் காட்டிவிட்டால் அதோடு முடிந்தது. அவர் காட்டுவதில்லை, ஓட்டுபவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்.